நாயகனும் எதிர்நாயகனும் – 17: யார் வழிவிடுவது?

சென்ற வாரம் பசாரவின் சாவோடு நிறுத்தியிருந்தோம். கடவுள், கவிதை, காதல் எல்லாவற்றையும் உதறித்தள்ளிய அந்த இளம் மருத்துவன், டைஃபஸில் இறந்த ஒருவனின் உடலை அறுக்கும்போது விரலில் பட்ட சிறு கீறலால் செத்துப்போனான். துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' வந்த ஆண்டு 1862.

அதற்கு முந்தைய வாரங்களில் பார்த்த ரஷ்ய நாயகர்களுக்கெல்லாம் ஒரே நோய்தான். புஷ்கினின் ஒனேகினுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. லெர்மன்தவின் பெச்சோரினுக்குத் துணிச்சல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. கன்சரோவின் ஒப்லோமவ் சோஃபாவை விட்டு எழவே மனமில்லாதவன். பசாரவ் எழுந்தான். ஆனால் வேலையைத் தொடங்குமுன் போய்ச் சேர்ந்தான்.

வெளியே நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1861இல் பண்ணை அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார் ஜார் மன்னர்; உழுத நிலத்துக்கு மட்டும் விலை கட்டச் சொன்னது சட்டம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். இவனைப்போல வாழ வேண்டும் என்று கைகாட்ட ரஷ்யப் புத்தகங்களில் ஒரு ஆள் இல்லை.

அப்படி ஒருவன் வந்தான். அவன் பின்னாலேயே, அவனை மறுப்பதற்கென்று இன்னொருவனும் வந்தான். நடுவில் ஒரே ஒரு வருடம். ஊரும் ஒன்றுதான். இந்த வாரம் அந்த இருவரின் கதை.

*

தொலைந்துபோன கட்டு

1863 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. பீட்டர்ஸ்பர்க்கில் மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது. (இந்த அத்தியாயத்தின் ரஷ்யத் தேதிகள் அன்றைய பழைய நாட்காட்டிப்படி. இன்றைய கணக்குக்கு 12 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.)

கவிஞர் நெக்ராசவ் வீடு வந்து சேர்ந்தபோது கையிலிருந்த காகிதக் கட்டைக் காணோம். வழியில் எங்கோ நழுவி விழுந்திருக்கிறது. அவர்தான் 'சவ்ரெமென்னிக்' இதழின் ஆசிரியர். விழுந்தது அந்த இதழில் வரவேண்டிய நாவலின் முதல் பகுதி. எழுதியவரிடம் போய் இன்னொரு பிரதி கேட்கவும் வழியில்லை. அவர் பீட்டர்-பால் கோட்டைச் சிறையில், அதிலும் மிகக் கடுமையான அலெக்சேயவ்ஸ்கி பகுதியில் அடைபட்டிருந்தார்.

நெக்ராசவ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். தொலைந்த இடம், தெருக்களின் பெயர், கட்டின் மேலிருந்த தலைப்பு எல்லாம் அதில் இருந்தன. கொண்டுவந்து தருபவருக்கு 50 வெள்ளி ரூபிள் பரிசு.

விளம்பரம் வந்தது பீட்டர்ஸ்பர்க் நகரப் போலீஸின் அதிகாரபூர்வப் பத்திரிகையில்! எந்த அரசாங்கம் அந்த மனிதரைப் பிடித்து உள்ளே போட்டதோ, அதே அரசாங்கத்தின் தாளே அவருடைய நாவலைத் தேடித் தந்தது. ஏழைக் குமாஸ்தா ஒருவர் கட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பரிசை வாங்கிப் போனார்.

அந்த நாவல் 'என்ன செய்ய வேண்டும்?' எழுதியவர் நிக்கோலாய் செர்னிஷெவ்ஸ்கி. சரத்தவ் நகரத்துப் பாதிரியாரின் மகன். அப்போது வயது 34. 'சவ்ரெமென்னிக்' இதழில் அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்து ஒரு தலைமுறையே அவர் பின்னால் நின்றது. 1862 ஜூலையில் கைதானவர், அந்த டிசம்பரில் சிறைக்குள் நாவலைத் தொடங்கினார். நான்கு மாதத்துக்குள் முடித்தார்.

*

இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே

கைதி எழுதிய நாவல் எப்படி அச்சேறியது? அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது.

கையெழுத்துப் பிரதி முதலில் விசாரணைக் குழுவிடம் போனது. வழக்குக்கு உதவும்படி ஏதாவது சிக்குகிறதா என்று மட்டும் அவர்கள் பார்த்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. தள்ளிவிட்டார்கள். அடுத்து இதழின் தணிக்கையாளர். விசாரணைக் குழுவே பார்த்து அனுப்பிய பிறகு நாம் என்ன குறுக்கே நிற்பது என்று அவர் அனுமதி கொடுத்துவிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு காதல் கதைதானே?

1863இன் மூன்றாம், நான்காம், ஐந்தாம் இதழ்களில் நாவல் வெளிவந்து முடிந்தது. அதற்கப்புறம்தான் மேலிடம் விழித்துக்கொண்டது. நாவலுக்குத் தடை. தணிக்கையாளருக்கு வேலை போயிற்று. தடை 1905 வரை நீடித்தது.

தடையால் என்ன பயன்? அந்த மூன்று இதழ்களையும் இளைஞர்கள் கிழித்துத் தனியே தைத்து வைத்துக்கொண்டார்கள். கிடைக்காதவர்கள் கையால் நகலெடுத்தார்கள்.

*

ஆணிப் படுக்கை

கதை வேரா பாவ்லவ்னா என்ற பெண்ணைச் சுற்றிப் போகிறது. பணத்துக்காக அவளைக் கட்டிக்கொடுக்கத் துடிக்கிறாள் தாய். லோபுகோவ் என்ற மருத்துவ மாணவன் அவளை மணந்து வெளியே கொண்டுவருகிறான். அவள் தையல் கூடம் தொடங்குகிறாள். லாபத்தைத் தொழிலாளிப் பெண்களே பங்கிட்டுக்கொள்கிறார்கள். பிறகு அவள் மனம் கணவனின் நண்பன் கிர்சானவிடம் போகிறது. லோபுகோவ் சண்டை போடவில்லை, அழவில்லை. தற்கொலை செய்துகொண்டதாக ஊரை நம்பவைத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறான்.

இவர்களைச் செர்னிஷெவ்ஸ்கி 'புதிய மனிதர்கள்' என்றார். இவர்களுடைய தத்துவம் எளிமையானது. மனிதன் எப்போதும் தன் நலத்தையே நாடுகிறான். உண்மையான நலம் எது என்று அறிவால் கணக்குப் போட்டுப் பார்த்தால், தன் நலமும் ஊர் நலமும் ஒன்றே என்று தெரிந்துவிடும். ஆக, மனிதனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். தப்புச் செய்ய மாட்டான்.

இவர்களுக்கும் மேலே ஒருவன் வருகிறான். பெயர் ரஹ்மேதவ். பழைய பிரபுக் குடும்பம். நாவலில் அவனுக்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான். அந்தச் சில பக்கங்கள்தான் ரஷ்யாவை ஆட்டிவைத்தன.

உடம்பை வலுவாக்க அவன் வோல்கா நதியில் படகு இழுக்கும் கூலிகளோடு சேர்ந்து கயிறு இழுத்தான். மாட்டிறைச்சியை ஏறக்குறையப் பச்சையாகத் தின்றான். மது இல்லை, பெண் இல்லை. ஒரு துறையில் மூலநூல்களை மட்டும் படிப்பான். அவற்றைப் பார்த்து எழுதிய மற்றதையெல்லாம் தொட மாட்டான். சாப்பாட்டிலும் ஒரு சட்டம் உண்டு: ஏழைகள் எப்போதாவதாவது தின்னக்கூடியதை மட்டுமே தானும் தின்பது. பீட்டர்ஸ்பர்க்கில் எளிய சனங்களும் ஆரஞ்சு தின்பார்கள்; அங்கே தின்பான். வெளியூர்களில் அவர்களுக்கு அது எட்டாது. அங்கே தொட மாட்டான். அவனால் விட முடியாத ஒரே பலவீனம் சுருட்டு.

ஒருநாள் காலை அவன் அறைக்குள் போனவர்கள் பதறிப்போகிறார்கள். முதுகெல்லாம் ரத்தம். விரிப்பில் நூற்றுக்கணக்கான சிறு ஆணிகளைக் கூர்முனை மேலே தெரியும்படி குத்தி, இரவு முழுக்க அதன்மேல் படுத்திருக்கிறான். சித்திரவதையைத் தாங்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தானாம். முடியும் என்று தெரிந்துகொண்டான்.

எதற்காக இந்தத் தயாரிப்பு? நாவல் சொல்லவில்லை. சிறையில் உட்கார்ந்து எழுதுகிறவர் அதைச் சொல்ல முடியாது. படித்தவர்களுக்கு விளங்கிற்று.

*

சேற்றில் கிடத்தப்பட்ட கனவான்

நாவலில் ஒரு சின்னச் சம்பவம் உண்டு. நம் கதைக்கு அதுதான் திருப்புமுனை.

மாணவன் லோபுகோவ் கிழிந்த சீருடையோடு டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறான். பாடத்துக்கு 50 கோபெக் கூலி. அதற்கு இத்தனை தூரம் நடை. எதிரே பெரிய மனுஷத் தோரணையில் ஒருவர் காற்று வாங்க வருகிறார். நேராக இவன் மேலேயே வருகிறார். ஏழை விலகிக்கொள்வான் என்ற நிச்சயம்.

லோபுகோவுக்கு அந்தக் காலத்தில் ஒரு விதி. பெண்களைத் தவிர யாருக்கும் முதலில் வழிவிடுவதில்லை. தோளும் தோளும் இடித்துக்கொள்கின்றன. கனவான் திரும்பித் திட்டத் தொடங்குகிறார். முடிப்பதற்குள் லோபுகோவ் அவரை அப்படியே தூக்கி, அடிபடாமல் பக்குவமாகச் சாக்கடைச் சேற்றில் கிடத்துகிறான். அசைந்தால் இன்னும் ஆழமான சேற்றுக்கு இழுத்துப்போவேன் என்கிறான். அந்த வழியாகப் போன இரண்டு குடியானவர்கள் எட்டிப் பார்த்து மெச்சுகிறார்கள். ஒரு குமாஸ்தா மெச்சவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு லோபுகோவே அவரைத் தூக்கி நிறுத்துகிறான். அடடா, எப்படி விழுந்தீர்கள், அடி ஏதும் படவில்லையே என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டே துடைத்துவிடுகிறான்.

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் காட்சி. அதிகாரிகள் வந்தால் தாமாகவே ஒதுங்கிப் பழகிய கோடிக் கால்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்! நடைபாதையில் ஒதுங்காத ஏழையை ரஷ்ய எழுத்து அதுவரை இப்படிக் காட்டியதில்லை.

பீட்டர்ஸ்பர்க்கில் இன்னொரு எழுத்தாளரும் இந்தக் காட்சியைப் படித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் ஏதோ பொய் இருக்கிறது என்று பட்டது.

*

ஒரே கோட்டை, இரண்டு கைதிகள்

ஃபியோதர் தஸ்தயெவ்ஸ்கிக்கு அந்த அலெக்சேயவ்ஸ்கி சிறை புதிதல்ல. செர்னிஷெவ்ஸ்கி உள்ளே போவதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பே, 1849இல், அவர் அங்கே இருந்தவர். தடைசெய்யப்பட்ட கருத்துகளைப் பேசிய பெத்ரஷேவ்ஸ்கி குழுவில் சேர்ந்திருந்தது குற்றம். அந்த அறையில் அவரும் எழுதினார். அந்தக் கதைக்கு அவர் பின்னர் வைத்த பெயர் 'சின்ன நாயகன்'.

1849 டிசம்பர் 22. செம்யோனவ்ஸ்கி சதுக்கத்தில் மரண தண்டனை வாசிக்கப்பட்டது. கைதிகளின் தலைக்கு மேல் வாள்களை முறித்துப் போட்டார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டினார்கள். அடுத்த வரிசையில் தஸ்தயெவ்ஸ்கி. துப்பாக்கிகள் குறிபார்த்துவிட்டன. அப்போதுதான் மன்னரின் மன்னிப்பு வாசிக்கப்பட்டது. எல்லாமே முன்கூட்டி ஏற்பாடு செய்த நாடகம்.

பிறகு ஓம்ஸ்க் சிறையில் காலில் விலங்கோடு நான்கு ஆண்டுகள். கொலைகாரர்களோடும் கொள்ளைக்காரர்களோடும் ஒரே கொட்டடியில் படுக்கை. அங்கே பார்த்த ஒன்று அவர் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஒரு கைதி வருடக்கணக்கில் ஒழுங்காக இருப்பான். காவலர்களுக்கே பிடித்துப்போகும். திடீரென்று ஒருநாள் குடித்துவிட்டு வெறியாடுவான், யாரையாவது அடிப்பான். கசையடி விழும் என்று தெரிந்தேதான் செய்வான். இன்னொருவன் மாதக்கணக்கில் கள்ளத்தனமாக உழைத்துச் சேர்த்த காசை ஒரே நாளில் குடித்துத் தீர்ப்பான். அதனால் என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லை. தன் இஷ்டப்படி ஒன்றைச் செய்ய முடிகிறது என்று ஒருநாள், ஒரே ஒருநாள், தனக்குத்தானே காட்டிக்கொள்ளத்தான். 'மரண வீட்டின் குறிப்புகள்' நூலில் இதையெல்லாம் அவர் எழுதியிருக்கிறார்.

மனிதனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று செர்னிஷெவ்ஸ்கி எழுதியதைப் படிக்கும்போது, தஸ்தயெவ்ஸ்கியின் கண்முன் அந்த ஓம்ஸ்க் கைதிகள் வந்து நிற்காமல் இருந்திருப்பார்களா?

இருவரும் நேரிலும் சந்தித்திருக்கிறார்கள். 1862 மே மாதம் பீட்டர்ஸ்பர்க் பற்றி எரிந்தது. அப்ராக்சின் சந்தை சாம்பலாயிற்று. மாணவர்கள்தான் கொளுத்தினார்கள் என்று வதந்தி. அந்த நாட்களில் தஸ்தயெவ்ஸ்கி செர்னிஷெவ்ஸ்கியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

என்ன பேசினார்கள்? இருவரும் இருவேறு விதமாகச் சொல்கிறார்கள். தன் வாசற்கதவில் யாரோ செருகிவிட்டுப் போன ரத்தவெறித் துண்டறிக்கையைக் காட்டி, இளைஞர்களைக் கண்டிக்கச் சொல்லிக் கேட்டேன் என்பது தஸ்தயெவ்ஸ்கி 1873இல் எழுதியது. தீ வைப்பவர்களை நிறுத்தும்படி என்னிடம் வந்து மன்றாடினார். மூளை கலங்கியவரோ என்று நினைத்து, சமாதானப்படுத்துவதற்காகச் சரி என்றேன் என்பது பல ஆண்டுகள் கழித்துச் செர்னிஷெவ்ஸ்கி எழுதியது.

ஒரே அறையில் உட்கார்ந்து பேசியவர்கள் இப்படி. இனி அவர்களுடைய நாயகர்கள் மோத வேண்டியதுதான் பாக்கி.

*

நிலவறையிலிருந்து ஒரு குரல்

1864இன் தொடக்கம். தஸ்தயெவ்ஸ்கிக்கு 42 வயது. அவரும் அண்ணன் மிகயீலும் நடத்திய 'விரேம்யா' இதழை முந்தைய ஆண்டு அரசு முடக்கிவிட்டது. 'எபோஹா' என்று புதிய இதழ் தொடங்கியாகிவிட்டது. போட விஷயம் இல்லை. மாஸ்கோவில் மனைவி மரியா காசநோயில் நாளெண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதினார் தஸ்தயெவ்ஸ்கி. வலிப்பு நோய் வேறு அவரை விடவில்லை.

மார்ச் பிற்பகுதியில் இதழ் வந்தது. அதில் 'நிலவறைக் குறிப்புகள்' முதல் பாகம்.

பேசுகிறவனுக்குப் பெயரே கிடையாது. வயது 40. ஓய்வுபெற்ற சிறு அதிகாரி. தூரத்து உறவினர் விட்டுப்போன 6,000 ரூபிள் கையில் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு ஒரு பொந்துக்குள் முடங்கியவன். எடுத்த எடுப்பிலேயே தன் நோயையும் கெட்ட குணத்தையும் பறைசாற்றுகிறான். ஈரல் வலிக்கிறது என்கிறான். வைத்தியரிடம் போக மாட்டேன் என்கிறான். ஏன்? வீம்புக்கு.

அந்த வீம்புதான் செர்னிஷெவ்ஸ்கிக்குப் பதில். தனக்கு எது நல்லது என்று இவனுக்குத் தெரியும். தெரிந்தே அதைச் செய்ய மாட்டான்.

இரண்டும் இரண்டும் நாலு என்பதை அவன் மறுக்கவில்லை. அந்த நாலு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நடுவழியில் மறித்து நிற்கிறதே என்பதுதான் அவன் புகார். எல்லாம் அட்டவணை போட்டுக் கணக்கிடப்பட்டுவிட்டால் நான் எங்கே என்கிறான். என் விருப்பம் முட்டாள்தனமாகவே இருக்கட்டும். ஆனால் அது என்னுடையது என்கிறான்.

செர்னிஷெவ்ஸ்கியின் வேரா தன் நான்காம் கனவில் ஒரு பளிங்கு மாளிகையைக் காண்கிறாள். இரும்பும் கண்ணாடியும் அலுமினியமும் கொண்டு கட்டிய எதிர்கால இல்லம். இலண்டனை அடுத்த சிடன்ஹாமில் இருந்த கண்ணாடி மாளிகையே அதற்கு மாதிரி. அங்கே துன்பமே கிடையாது. நிலவறை மனிதனுக்கோ அந்த மாளிகையை நினைத்தாலே பயம். ஒளிந்துகொண்டுகூட அதைப் பார்த்துப் பழிப்புக்காட்ட முடியாதே!

முதல் பாகத்தில் தணிக்கை கைவைத்தது. கிண்டலையும் தெய்வ நிந்தனையையும் விட்டுவிட்டார்கள்; அவற்றிலிருந்து நம்பிக்கையின் தேவைக்கு, கிறிஸ்துவுக்கு வந்து சேர்ந்த இடத்தை வெட்டிவிட்டார்கள் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதிக் கொதித்தார் தஸ்தயெவ்ஸ்கி. அந்தப் பகுதியை அவர் பின்னாளிலும் சேர்க்கவில்லை. இன்று நாம் படிப்பது வெளிவாசல் அடைக்கப்பட்ட நூல்.

ஏப்ரல் 15 அன்று மரியா இறந்தார். மறுநாள் உடலருகே உட்கார்ந்து தஸ்தயெவ்ஸ்கி நோட்டுப்புத்தகத்தில் எழுதினார். தன்னை நேசிப்பதுபோல் பிறரை நேசிக்க மனிதனால் முடியுமா என்பதே அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இந்த உலகில் 'நான்' குறுக்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டார்.

*

நெவ்ஸ்கி சாலையில் ஒரு மோதல்

இரண்டாம் பாகத்தில் கதை பின்னோக்கிப் போகிறது. நிலவறை மனிதனுக்கு அப்போது 24 வயது.

ஒரு சாராயக்கடையில் பில்லியர்ட்ஸ் சண்டையில் யாரையோ ஜன்னல் வழியாகத் தூக்கி வீசுகிறார்கள். வீசப்பட்டவனைப் பார்த்து இவனுக்குப் பொறாமை! தன்னையும் வீசுவார்கள் என்று உள்ளே போகிறான். வழியை அடைத்து நிற்கும் இவனை ஓர் உயரமான ராணுவ அதிகாரி, ஒரு வார்த்தை பேசாமல் தோளைப் பிடித்து, நாற்காலியை நகர்த்துவதுபோல் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பான். கவனிக்கவே இல்லையே!

அதை வருடக்கணக்கில் மனத்தில் வைத்துப் புழுங்குகிறான். அந்த அதிகாரி நெவ்ஸ்கி சாலையில் உலாத்துவதைப் பார்க்கிறான். தளபதிகள் வந்தால் அவரும் ஒதுங்குகிறார். இவனைப் போன்றவர்கள் வந்தால் வெற்றிடத்தில் நடப்பதுபோல் நேரே வருகிறார். ஒவ்வொரு முறையும் ஒதுங்குவது இவன்தான். ஏன் எப்போதும் நானே ஒதுங்குகிறேன்? அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? நடுராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு தன்னையே கேட்டுக் குமைகிறான்.

முடிவுசெய்கிறான்: ஒதுங்கக் கூடாது. இனித்தான் தயாரிப்பு. இடிபடும்போது பார்ப்பவர்கள் இரண்டு பேரையும் சமமாக மதிக்க வேண்டாமா? கறுப்புக் கையுறை வாங்குகிறான், நல்ல தொப்பி வாங்குகிறான். வெள்ளை எலும்புப் பொத்தான் வைத்த சட்டை தயார். மேலங்கியின் ரக்கூன் காலர்தான் காட்டிக்கொடுக்கிறது, வேலைக்காரத்தனமாக இருக்கிறது. பீவர்த் தோல் காலர் போட வேண்டும். கையில் காசில்லை. கூனிக் குறுகி மேலதிகாரியிடம் கடன் கேட்கிறான்.

காலர் வந்துவிட்டது. நெவ்ஸ்கிக்குப் போகிறான். அதிகாரி வருகிறார். இவன் ஒதுங்கிவிடுகிறான். மறுபடி போகிறான். மறுபடி ஒதுங்குகிறான். ஒருமுறை கடைசி நொடியில் தடுமாறி அவர் காலடியிலேயே விழுகிறான். அவர் தாண்டிப் போகிறார்.

விட்டுவிடுவது என்று தீர்மானித்த மறுநாள் கடைசியாக ஒருமுறை போகிறான். மூன்றடி தூரத்தில் அவர். இவன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். தோளும் தோளும் இடிக்கின்றன. இவன் ஒரு அங்குலம்கூட நகரவில்லை!

அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததுபோல் நடித்தார் என்று இவன் சாதிக்கிறான். வலித்தது என்னவோ இவனுக்குத்தான். வீட்டுக்குப் போய் வெற்றிக் களிப்பில் இத்தாலிய இசைநாடகப் பாட்டுகளைப் பாடுகிறான்.

லோபுகோவையும் இவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதே நகரம், அதே தோள் இடிப்பு. லோபுகோவுக்கு ஒரு நொடியும் யோசனை தேவைப்படவில்லை. தான் சமம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. நிலவறை மனிதனுக்குச் சமம் என்று தோன்றவே கடன் வாங்கிய காலர் வேண்டியிருக்கிறது. தஸ்தயெவ்ஸ்கி கேட்காமல் கேட்டது இதுதான்: நூறு தலைமுறையாக ஒதுங்கியவன் ஒரே நாளில் ஒதுங்காமல் நிற்பான் என்றால், அவன் மனத்துக்குள் கிடக்கும் அந்த நூறு தலைமுறை எங்கே போகும்?

நாயகர்கள் தேய்ந்து தேய்ந்து எதிர்நாயகர்கள் ஆனார்கள் என்று இலக்கிய வரலாறுகளில் படித்திருப்போம். பீட்டர்ஸ்பர்க்கில் அப்படி நடக்கவில்லை. நாயகன் சந்தேகமே இல்லாதவனாக வந்து நின்ற உடனேதான், அவன் விழுங்கிவிட்ட சந்தேகத்தையெல்லாம் சுமந்துகொண்டு எதிர்நாயகன் பிறந்தான். நூலின் கடைசியில் நிலவறை மனிதனே ஒப்புக்கொள்கிறான்: நாவலுக்கு நாயகன் வேண்டும்; இங்கே நாயகனுக்கு நேர்மாறான குணங்களையெல்லாம் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருக்கிறது என்று.

*

மே 19, காலை

முதல் பாகம் வந்தாயிற்று. இரண்டாம் பாகம் இன்னும் வாசகர் கைக்கு வரவில்லை. இடைப்பட்ட நாட்களில், 1864 மே 19 அன்று, பீட்டர்ஸ்பர்க்கின் மித்னின்ஸ்கயா சதுக்கத்தில் கூட்டம் கூடியது. மழை தூறிக்கொண்டிருந்தது.

மேடையில் செர்னிஷெவ்ஸ்கி. கழுத்தில் 'அரசுக் குற்றவாளி' என்ற பலகை. தண்டனை வாசிக்கப்பட்டது. மண்டியிட வைத்து, தலைக்கு மேல் வாளை முறித்தார்கள். கம்பத்தோடு சங்கிலியால் பிணைத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பூங்கொத்து வந்து விழுந்தது. வீசிய இளம்பெண்ணைக் கைது செய்தார்கள்.

தஸ்தயெவ்ஸ்கியின் தலைக்கு மேல் முறிந்ததும் அதே வகை வாள்தான். அவருக்கு அன்று மன்னிப்பு வாசிக்கப்பட்டது. செர்னிஷெவ்ஸ்கிக்கு 14 ஆண்டு கடுங்காவலை மன்னர் ஏழாகக் குறைத்தார்; ஆனால் ஏழு முடிந்தும் விடவில்லை. அவர் சைபீரியாவிலிருந்து திரும்ப 1883 ஆயிற்று.

நாயகனைப் படைத்தவர் நாயகனாகவே நடத்தப்பட்டார். அவருடைய நாவலை மறுத்து எழுதியவர் அப்போது அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். வாதம் நியாயமானதாகவே இருக்கட்டும்; எதிராளியின் கழுத்தில் பலகை தொங்கும் நேரத்தில் வாதம் செய்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கும்? மறு ஆண்டு தஸ்தயெவ்ஸ்கி 'முதலை' என்றொரு கதை எழுதினார். முதலை விழுங்கிய அதிகாரி ஒருவர் அதன் வயிற்றுக்குள் இருந்தபடியே உபதேசம் செய்வார். சிறையிலிருக்கும் செர்னிஷெவ்ஸ்கியைத்தான் கேலி செய்கிறார் என்று பேச்சு கிளம்பியது. 1873இல் தஸ்தயெவ்ஸ்கி அதை வன்மையாக மறுத்து எழுத வேண்டியிருந்தது.

*

மேசைமேல் ஐந்து ரூபிள்

இரண்டாம் பாகத்தின் முடிவில் லிஸா வருகிறாள். விலைமாதர் விடுதியில் இருக்கும் இளம்பெண். நிலவறை மனிதன் ஓர் இரவு அவளிடம் உருக்கமாகப் பேசுகிறான். குடும்பம், குழந்தை, மானம் என்று. அவள் நொறுங்கி அழுகிறாள். முகவரி கொடுத்துவிட்டு வருகிறான்.

விழுந்த பெண்ணைக் கைதூக்கிவிடும் நல்ல மனிதன் அன்றைய முற்போக்குக் கதைகளில் அடிக்கடி வருபவன். செர்னிஷெவ்ஸ்கியின் கிர்சானவும் அப்படி ஒருத்தியைக் காப்பாற்றுகிறான்.

இங்கே லிஸா உண்மையிலேயே வந்துவிடுகிறாள். வரும் நேரம் பார்த்து இவன் கிழிந்த அங்கியோடு வேலைக்காரனிடம் கத்திக்கொண்டிருக்கிறான். அவமானம் தாங்காமல் அவள்மேல் பாய்கிறான். உன்னை ஏளனம் செய்யத்தான் அன்று அப்படிப் பேசினேன் என்கிறான். அவள் கோபப்படவில்லை. இவன் துயரப்படுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அணைத்துக்கொள்கிறாள்.

அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அவள் புறப்படும்போது கையில் எதையோ திணிக்கிறான். அவள் போன பிறகு மேசையைப் பார்க்கிறான். கசங்கிய நீல நிற ஐந்து ரூபிள் தாள். அவள் அதை எறிந்துவிட்டுப் போயிருக்கிறாள். தெருவுக்கு ஓடுகிறான். பனி கொட்டுகிறது. அவளைக் காணவில்லை.

இந்த நூலில் நாயகத்தனமாக ஒரே ஒரு காரியம் நடக்கிறது. செய்தவள் லிஸா.

*

யார் ஜெயித்தது?

அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம். 'நிலவறைக் குறிப்புகள்' வந்ததைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. ஜூலையில் அண்ணன் மிகயீல் இறந்தார். 1865இல் இதழும் நின்றது. கடன் முழுவதும் தஸ்தயெவ்ஸ்கி தலையில் விழுந்தது.

'என்ன செய்ய வேண்டும்?' நாவலோ வாழ்க்கையாகவே மாறிக்கொண்டிருந்தது. இளம்பெண்கள் தையல் கூட்டுறவு தொடங்கினார்கள். பெற்றோரின் பிடியிலிருந்து தப்பப் பெயருக்குக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1887இல் ஜார் மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகத் தூக்கிலிடப்பட்ட அலெக்சாந்தர் உல்யானவுக்கு மிகப் பிடித்த நாவல் அது. அண்ணன் ரசித்ததாயிற்றே என்று அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து வாரக்கணக்கில் படித்தார் தம்பி. 1902இல் அதே தலைப்பில் ஒரு அரசியல் நூல் எழுதினார். அந்தத் தம்பியை உலகம் லெனின் என்று அறியும்.

நிலவறை மனிதன் வெளியே வர நாளாயிற்று. 1887 தொடக்கத்தில் நீஸ் நகரப் புத்தகக் கடை ஒன்றில் ஜெர்மானியர் ஒருவர் பிரெஞ்சு மொழிபெயர்ப்பொன்றைத் தற்செயலாக எடுத்தார். எழுதியவர் பெயரைக்கூட அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. படித்துவிட்டுச் சொந்தக்காரனைக் கண்டுபிடித்ததுபோல் துள்ளினார். அவர் பெயர் நீட்சே. ஐரோப்பாவின் இருபதாம் நூற்றாண்டு நாவல் அந்தப் பொந்திலிருந்து எத்தனை பேரைக் கூட்டிவந்தது என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

ஆனால் 1865இல் இதில் ஒன்றும் யாருக்கும் தெரியாது.

அந்த ஆண்டுக் கோடையில் தஸ்தயெவ்ஸ்கி ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் இருந்தார். சூதாட்ட மேசையில் கையிலிருந்ததையெல்லாம் தோற்றாயிற்று. விடுதிக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தேநீர் மட்டும் கொடுத்தார். செப்டம்பரில் அங்கிருந்து மாஸ்கோவின் 'ருஸ்கி வேஸ்த்னிக்' இதழாசிரியர் கட்கோவுக்கு ஒரு கடிதம் எழுதி, முன்பணம் கேட்டு, ஒரு கதையின் திட்டத்தை விவரித்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஏழை மாணவன். வட்டிக்குக் கடன் கொடுக்கும் கிழவி. அவளால் யாருக்கும் பயனில்லை. அவள் பணத்தால் பல பேர் பிழைப்பார்கள். அவன் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

ரஹ்மேதவிடம் உறுதி இருந்தது. குதறும் மனம் இல்லை. நிலவறை மனிதனிடம் குதறும் மனம் இருந்தது, உறுதி இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் குடியேறி, அவன் கையில் ஒரு கோடரியும் இருந்தால், அவனை நாம் எந்த வரிசையில் நிறுத்துவது? நாயகர்கள் வரிசையிலா, எதிர்நாயகர்கள் வரிசையிலா?

(தொடரும்)